கோடு போட்டுக்கொண்டு வந்த ஜீப்

“…அதெல்லாங் கெடக்கட்டுங்க மாப்ள. இந்தச் செவப்புப் பூச்சு ஆரு பூசுனது?” என்று கேட்டார் மச்சான். மலையாள எல்லையோரத்து வேலந்தாவளம் சந்திப்பில், மாட்டுச்சந்தை கூடியிருந்த ஒரு முற்பகலில், சாயாக் கடைக்கு முன்னால் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவர் பின்னால் நின்றிருந்தேன். மூன்று நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சில் பாதிதான் வெளியே வந்திருந்தது. அவரோ முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, என் ஜீப்பின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே பூசணிக்காய் போலத் தொங்கும் இரும்பு உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அவர் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த உருண்டையைப் பற்றியும், அதற்கு நான் செய்த துரோகத்தைப் பற்றியும் முதலில் சொல்லாவிட்டால் அது விளங்காது.

மச்சான் என் வீட்டுக்காரியின் அண்ணன். என்னைவிட ஒன்றரை வயதுதான் மூப்பு. சந்திப்பில், சாயாக் கடைக்கு எதிரே தகரம் போட்ட ஒர்க்‌ஷாப் அவருடையது. நான் ஜீப் ஓட்டுகிறவன். எங்கள் பஞ்சாயத்தில் படுக்கையோடு கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் வண்டியாக அப்போது என் ஜீப்தான் ஓடியது. முன் இருக்கையில் மலையாளத்து நர்ஸ், நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுபவர். பின்னால் மருந்துப் பெட்டியும் சிறுநீர் டியூப்புகளும். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது எனக்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததும் மலையாளம்தான். தமிழ் எழுத்தை பஸ் போர்டும் சாயாக் கடைப் பேப்பரும்தான் சொல்லிக்கொடுத்தன. எழுதக் கற்றுக்கொண்ட தெம்பில் ஒரு பழக்கம் வந்தது. யாராவது வாய்க்கு ருசியாக ஒன்று சொல்லிவிட்டால் அதை டிரிப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்துவிடுவேன். நோயாளிகள் சொன்னது, மாட்டுத் தரகர்கள் சொன்னது, ரோட்டில் வைதுகொண்டு போன லாரிக்காரர் சொன்னது எல்லாம் அதில் உண்டு. பாதிக்கு மேல் மச்சான் சொன்னவை. “எண்ணெய்க்குக் கண்ணு கெடையாதுங்க மாப்ள, ஆனாப் போற வழி தெரியும்.” “போல்ட்டு முறுக்கறவன் கோவமா இருக்கப்படாது; ஒண்ணு போல்ட்டு போகும், இல்லாட்டிப் பொழப்புப் போகும்.” ஒன்றைச் சொல்லிவிட்டு நான் நோட்டைத் தேடுவதைப் பார்த்துச் சிரிப்பார். “எழுதுங்க, எழுதுங்க. நாளைக்கு நான் மாத்திச் சொன்னாக் காட்டலாமில்ல.”

அந்த உருண்டைக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். எங்கள் பக்கம் அது டிப்ரன்சல். முன்னாலிருந்து நீளமாக வரும் சுற்றை வாங்கி, இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். பின்பக்கம் ஒரு மூடி. அதைச் சுற்றிப் பத்து போல்ட்டு. என் ஜீப்பில் அந்த இடத்திலிருந்து ஓர் ஊளைச் சத்தம் வரத் தொடங்கியபோது மச்சான் அதைக் கழற்றிப் பேரிங் மாற்றினார். மாற்றியதைவிட மூடியதுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதலில், எண்ணெய் கசியாமல் மூடியின் விளிம்பை அடைத்திருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டினார். அவருக்கு அதற்கென்று மழுங்கலான ஒரு தகடு உண்டு. ஸ்க்ரூ டிரைவரைத் தொடவிட மாட்டார். கீறல் விழுந்தால் அதுவே எண்ணெய்க்கு வாய்க்கால் என்பார். பிறகு பெட்ரோலில் கழுவி, திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் அந்த வட்டத்தைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கடுகளவு பழைய பேக்கிங் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தபின் மறுபடியும் முதலிலிருந்து. அப்புறம் மூடியின் விளிம்பில் சாம்பல் நிறச் சிலிகான் பசையை, முறுக்குப் பிழிகிறது போலக் கையை நிறுத்தாமல் ஒரே இழையாக விட்டார். போல்ட்டுத் துளை வரும்போதெல்லாம் இழை உள்பக்கமாக வளைந்து துளையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. விட்ட உடனே மூடிவிடக் கூடாது. மேலே லேசாக ஆடை படிய வேண்டும். அதற்கு அவரிடம் கடிகாரம் இல்லை. “கோயமுத்தூர் பஸ்ஸு ரெண்டு போகட்டுங்க,” என்று சொல்லி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது பஸ் தாண்டியதும் எழுந்து, மூடியை நகர்த்தாமல், ஒரே வைப்பாக வைத்தார். பத்துப் போல்ட்டையும் கையால் திருகி, பிறகு எதிரெதிராக ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். சுற்றிலும் மயிரிழை அளவுக்குச் சிலிகான் பிதுங்கி நின்றது. “வெளிய வந்தது வீணு, உள்ள போனது வெனை. அதுக்கு மேல பூசுனவனுக்குத் தன்ற வேலை மேல நம்பிக்கை இல்லீன்னு அர்த்தம்.” பிதுங்கி உள்ளே போகிற சிலிகான் காய்ந்து உதிர்ந்து எண்ணெயோடு சுற்றிப் பேரிங்கில் போய்ச் சிக்கிக்கொள்ளும், அதைத்தான் வினை என்றார்.

இந்த வேலை நடக்கும்போது எனக்கு ஒரு பதவி உண்டு. வண்டிக்கு அடியில் சாக்குப் போட்டு மல்லாந்து கிடப்பவர், வேண்டியது எதுவென்று வாய்விட்டுக் கேட்க மாட்டார். உள்ளங்கை மட்டும் வெளியே வரும். ஸ்பானரா, துணியா, சிலிகானா என்று வேலை எங்கே நிற்கிறது என்பதை வைத்து நான்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பாக வைத்தால் கை அதை அப்படியே வெளியே உருட்டிவிட்டு மறுபடி விரியும். வேறு யார் நின்றாலும் அவர் வாயால்தான் கேட்பார். எனக்கு மட்டும்தான் கை.

எல்லாம் முடிந்து எண்ணெய் ஊற்றும் முன்பு, உருண்டையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் குழாயின் மேல்பக்கத்திலிருந்த சுண்டுவிரல் நகம் அளவு மூக்கு ஒன்றைக் கழற்றி, கழுவி, வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். பிரீதர் என்பார்கள். ஓட ஓட உள்ளே எண்ணெய் சூடாகும், காற்று விரியும். அந்தக் காற்று வெளியேறும் வழி அது. மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மேல இது தொறந்திருந்தாத்தாங்க கீழ பூசுனது நிக்கும்.” அழகாக இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு மாதம் ஒரு சொட்டு இல்லை. அப்புறம் வண்டிக்குத் தகுதி பார்க்கும் டெஸ்ட் வந்தது. எங்கள் நாட்டில் டெஸ்டுக்குப் போகிற வண்டி கல்யாணப் பெண் மாதிரி. கழுவி, துடைத்து, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மினுமினுவென்று கொண்டுபோய் நிறுத்தினால்தான் நமக்கே திருப்தி. ஆளை வைத்து அடிக்காமல் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அடியில் புகுந்தேன். எனக்குப் பெயிண்ட் அடிப்பதில் ஓர் ஆசை. ஒரு கோட் போதும். நான் இரண்டு கோட் அடித்தேன். கம்பி, குழாய், உருண்டை என்று கைக்கு எட்டிய எதையும் விடவில்லை. டெஸ்ட் முடிந்து வந்தபோது அந்த அதிகாரி வண்டியின் அடியை இரண்டாம் முறை குனிந்து பார்த்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரமே எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. கோவிந்தாபுரம் பக்கம் வீடுகளுக்குப் போய்த் திரும்பும் நீண்ட நாட்களில் மூடியைச் சுற்றி ஈரம் கண்டு, சொட்டு விழும். மச்சான் கழற்றினார், சுரண்டினார், பஸ் இரண்டு போக விட்டார், மூடினார். சந்திப்பைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. தூரம் போனால் மறுபடி சொட்டு. இரண்டாவது முறையும் அதே கதை. மூன்றாம் முறை கழற்றி வைத்துக்கொண்டு நெடுநேரம் மூடியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நடுவால வேற ஆராச்சும் கை வெச்சாங்களா மாப்ள?” என்று கேட்டார். “இல்லீங்க மச்சான்,” என்றேன். பொய் சொல்லவில்லை. பெயிண்ட் அடித்ததைக் கை வைத்ததாக நான் நினைக்கவே இல்லை. அந்த மூக்கைத் தன் வாயால் ஊதி வைத்தவர் என்பதால் அவருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. தன் விரலைத்தான் சந்தேகப்பட்டார். கட்டை விரலைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் முறை மூடிய பிறகுதான், கோவிந்தாபுரம் வழியில் அந்த ஏரிக்கரை இறக்கம். பின்சக்கரத்துப் பக்கமும் எண்ணெய் கசிந்து பிரேக்குக்குள் இறங்கியிருக்கிறது. மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. “சேட்டா, மெல்லே, மெல்லே!” என்று சிஸ்டர் கத்த, கரையை விட்டு இறங்கி ஒரு தோட்டத்து எருக்குழியில் மூக்கைக் குத்தி நின்றது ஜீப். யாருக்கும் அடி இல்லை. சிஸ்டர் மடியில் மருந்துப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி எருவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆனால் இரண்டு நாள் வண்டி ஓடவில்லை. டியூப் மாற்ற வேண்டிய ஒரு பெரியவர் அந்த இரண்டு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு வலியில் கிடந்திருக்கிறார். அது என் நெஞ்சைச் சுட்டது. அந்தச் சூட்டோடு சாயாக் கடைக்குப் போனேன்.

“என்னாச்சுங்க வண்டிக்கு?” என்று எங்கள் வார்டு மெம்பர் கேட்டார். எதிரே ஒர்க்‌ஷாப்பில் மச்சான் நின்றிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்: “வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. எங்க மச்சான் கை வெச்சதிலிருந்து கோவிந்தாபுரம் வரைக்கும் கோடு போட்டுக்கிட்டே போகுது. திரும்பி வாரப்ப ஆருகிட்டயும் வழி கேக்க வேண்டியதில்லை.” கடை முழுக்கச் சிரித்தது. எனக்கும், கோபத்திலேயே, சொல் நன்றாக விழுந்துவிட்ட ஒரு சந்தோஷம். வாழ்நாளெல்லாம் பிறத்தியார் சொல்லைப் பொறுக்கிக்கொண்டு அலைந்தவன் சொன்ன ஒரு சொல்லை ஊர் பொறுக்கிக்கொண்டது அன்றைக்குத்தான். ஒரு வாரத்தில் அது கொழிஞ்சாம்பாறை வரை போய்விட்டது. “கோடு போடற ஒர்க்‌ஷாப்பு” என்றார்கள். பிறகு சுருக்கிக் “கோட்டு ஒர்க்‌ஷாப்பு” என்றார்கள். பாலியேட்டிவ் வண்டியை இனி வேறிடத்தில் காட்டுங்கள் என்று மெம்பர் சொல்லிவிட்டார். பஞ்சாயத்தின் மற்ற வண்டிகளும் அதே வழியில் திரும்பின.

மச்சான் சண்டைக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தால் தங்கையோடு பேசுவார், என்னைப் பார்த்தால் “சாப்டாச்சுங்களா?” என்பார், அவ்வளவுதான். டிப்ரன்சல், பின்பக்க வேலை என்று யாராவது வந்தால் “இப்ப எடுக்கறதில்லீங்க” என்று திருப்பி அனுப்பினார். இருபது வருடமாக அவர் பெயர் நின்றதே அந்த வேலையில்தான். ஒருநாள் நான் ரோட்டில் போகும்போது பார்த்தேன்: ஒரு வேனுக்கு அடியிலிருந்து புரண்டு வெளியே வந்து, எழுந்து, தானே ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். கை வெளியே வரவில்லை. நான் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன்.

புதிய இடத்தில் என் ஜீப்பின் மூடியை மறுபடி கழற்றி, சிவப்புச் சிலிகானைச் சட்னி மாதிரி அப்பி மூடிக் கொடுத்தார்கள். முதல் நீண்ட ஓட்டத்திலேயே அதன் ஓரத்திலும் எண்ணெய் கோத்தது. அன்று கோவிந்தாபுரத்துக்கு அருகில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் சிஸ்டர் உள்ளே போயிருந்தார். நல்ல வெயில். எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க அடியில் போய் எண்ணெய் ஊற்றும் துளையின் திருகைத் தளர்த்தினேன். ‘புஸ்ஸ்’ என்று சீறி என் சட்டையெல்லாம் சூடான எண்ணெய். சத்தம் கேட்டு வெளியே வந்த சிஸ்டர் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். “சேட்டா, இதெந்தா குக்கரோ?”

குக்கர் என்ற அந்தச் சொல்லில்தான் என் கை மேலே போனது. குழாயின் மேல் அந்த மூக்கைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. துளை இருக்க வேண்டிய இடத்தில் மெழுகு உருகி இறுகியது போலக் கறுப்புப் பெயிண்ட், இரண்டு கோட். காற்றுக்கு மேலே போக வழியில்லை. சூடு ஏற ஏற எண்ணெயைக் கிடைத்த இடுக்கில் எல்லாம் வெளியே தள்ளியிருக்கிறது. எவன் எவ்வளவு பூசினால் என்ன? சிஸ்டரிடம் ஓர் ஊக்கு வாங்கிக் குத்திச் சுரண்டினேன். லேசாக ஒரு பெருமூச்சு வந்தது. அன்றோடு ஒழுக்கு நின்றது. வண்டியில் ஏறி உட்கார்ந்து டிரிப் நோட்டின் பின்பக்கங்களைப் புரட்டினேன். ‘மேல இது தொறந்திருந்தாத்தான் கீழ பூசுனது நிக்கும்.’ என் கையெழுத்து. எழுதியவனுக்கு அது பாட்டு மாதிரி காதில் விழுந்திருக்கிறது, பேச்சாக விழவில்லை.

யோக்கியன் என்றால் அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் பதினோரு நாள் சும்மா இருந்தேன். “பாத்தீங்களா, எடத்தை மாத்துனதும் ஒழுக்கு நின்னுபோச்சு,” என்று சாயாக் கடையில் பேசிக்கொண்டார்கள். நான் கிளாஸைப் பார்த்தபடி குடித்தேன். கடைசியில் சட்டையில் போகாத எண்ணெய்க் கறைதான் என் வீட்டுக்காரியிடம் என்னை மாட்டிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “ஞாயித்துக்கெழமை உங்கண்ணனை ஊட்டுக்கு வரச் சொல்லு, சாப்பாட்டுல வெச்சு மெதுவாச் சொல்லிப்போடறேன்,” என்றேன். அவள் சட்டையைப் பிழிந்து உதறிவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க, சாயாக் கடையில எறைச்சதை அடுப்படியில வந்தா பொறுக்குவீங்க?”

அதை நோட்டில் எழுதவில்லை. எழுத வேண்டியிருக்கவில்லை.

மூன்று நாள் கழித்துச் சந்தை. கூட்டம் இருக்கும், மெம்பரும் இருப்பார் என்று பார்த்தே போனேன். ஜீப்பை ஒர்க்‌ஷாப்புக்கு முன்னால், பின்பக்கம் ரோட்டைப் பார்க்க நிறுத்தினேன். மச்சான் சாயாக் கடை பெஞ்சில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். “ஏனுங்க, எல்லாரும் சித்தெ கேளுங்க,” என்றேன். “அன்னிக்கு இங்கதான் நின்னு எங்க மச்சானைப் பத்தி ஒண்ணு சொன்னேன். ரோட்டுல கோடு போட்டது அவரு கையில்லீங்க. என்ர பிரஷ்ஷு.” ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கோட், மூக்கு, ஊக்கு, பதினோரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மாட்டுத் தரகர்தான் ஆரம்பித்தார்: “மூக்கணாங்கவுறு போடச் சொன்னா மூக்கையே அடைச்சுப்போட்டீங்களேப்பா!” சிரிப்பு வெடித்தது. மெம்பர், “அப்ப அடுத்த டெஸ்டுக்கு வண்டிய உட்டுப்போட்டு உங்களைத்தான் கொண்டுபோய் நிறுத்தோணும்,” என்றார். சிரித்து முடித்துவிட்டு, மச்சானைப் பார்த்து, “நாங்களும் கேக்காமக் கொள்ளாமச் செஞ்சுபோட்டமுங்க. திங்கக்கெழமை வண்டிக வருமுங்க,” என்றும் சொன்னார்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது பஞ்சாயத்துக்குச் சொந்த வேன் வந்துவிட்டது. அதையும் நான்தான் ஓட்டுகிறேன். அதற்குச் சர்வீஸ் கம்பெனியில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். யாருடைய கையும் என்னிடம் எதுவும் கேட்காது. ஜீப் தோட்டத்தில் தேங்காய் சுமக்கிறது. சொட்டுப் போடுவதில்லை. மச்சானின் ஒர்க்‌ஷாப்பில் பின்பக்க வேலைக்கு வாளையாரிலிருந்துகூட வண்டி வந்து காத்துக் கிடக்கிறது. ஆனால் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. கதை தெரியாத புது டிரைவர்கள்கூடப் போனில் “கோட்டு ஒர்க்‌ஷாப்புங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். அவரும் “ஆமுங்க, வாங்க,” என்கிறார், முகம் மாறாமல். சொன்ன சொல்லை எந்த ஊக்காலும் சுரண்டி எடுக்க முடியவில்லை. அந்தப் பெயரை யார் சொன்னாலும் நிறுத்தி, கோடு யார் போட்டது என்று சொல்லிவிட்டுத்தான் விடுகிறேன். என் காதுக்கு எட்டாத இடத்தில் சொல்கிறவர்களுக்காகத்தான் இப்போது எழுதியும் வைக்கிறேன்.

அன்றைக்குச் சிரிப்பு அடங்கியதும் மச்சான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து என் ஜீப்பிடம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். “மச்சான், நான் உங்களைக் கேக்காம… அன்னிக்கு நீங்க கேட்டப்பவாச்சும்…” என்று மீதிப் பேச்சை ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து அந்த உருண்டையைப் பார்த்தார். விளிம்பைச் சுற்றி விரல் தடிமனில் பிதுங்கிக் கிடந்ததை நகத்தால் ஒருமுறை நெம்பிப் பார்த்தார். “அதெல்லாங் கெடக்கட்டுங்க மாப்ள. இந்தச் செவப்புப் பூச்சு ஆரு பூசுனது?”

கேட்டுவிட்டு, ஒழுகாத அந்த மூடியைத் திறப்பதற்காகச் சாக்கை உதறி விரித்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, மல்லாந்து உள்ளே நகர்ந்தார். கொஞ்ச நேரம் அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு, சக்கரத்தின் பக்கத்தில், உள்ளங்கை மேலே பார்க்க, அந்தக் கை வெளியே வந்தது.